இன்னும் புதன்தான்

குரோதி வருஷம், தை 24

இன்று கிரகணக் கணக்கைத் தொடங்கினேன். காலையில் நாலு குடம் தண்ணீர் இறைத்து, கூடத்துத் தரையை மெழுகி, காய்ந்ததும் கணக்குப் போடும் சோழிகளைப் பரப்பினேன். வருகிற பங்குனி அமாவாசையன்று சூரியனைப் பாம்பு பிடிக்கிறது. என் வீட்டுக்காரர் இங்கே இருந்தால், "பாம்பு இல்லை, நிலாவின் நிழல்" என்று உள்ளறையிலிருந்து திருத்தியிருப்பார். நிழல் என்று எனக்கும் தெரியும். அவரைச் சீண்டத்தான் பாம்பு என்பேன்.

அவர் நக்கவாரம் போய் நாலு மாதம் ஆகிறது. கிழக்குக் கடலில் இருக்கும் அந்தத் தீவில் டேனிஷ்காரர்கள் குடியேறியிருக்கிறார்கள். அங்கே காற்றையும் மழையையும் வானத்தையும் குறித்துவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் தரங்கம்பாடி மிஷன் டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் மாசிலாமணி, அவர் கேட்டு முடிக்குமுன் சரி என்றுவிட்டார். நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதும் ஒரு கணக்கைப் பற்றித்தான்.

குறிப்பேடு எழுதினால் அந்நியர் படித்தாலும் புரிய வேண்டும் என்பது அவர் சட்டம். ஆகவே சில விஷயங்களை எழுதிவைக்கிறேன்.

என் அப்பா பஞ்சாங்கம் கணிக்கும் வள்ளுவர் குலத்தவர். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் சோழிகளை விடவில்லை. நிலாவின் நடையைச் சொல்லும் இருநூற்று நாற்பத்தெட்டு வாக்கியங்களையும் எனக்கு மனப்பாடம் செய்வித்தார். மாசிலாமணி மிஷன் பள்ளியில் அச்சடித்த அட்டவணைகளோடும் வாத்து இறகோடும் வளர்ந்தவர். சோழிக் கணக்கு வெறும் மூடத்தனம் என்று நிரூபிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கிரகணத்தை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கணித்தோம். அவர் எண் அரை நாழிகை முந்தியது, என் எண் அரை நாழிகை பிந்தியது. வானம் எங்கள் இருவரையும் சமமாகத் தோற்கடித்தது. அடுத்த மாதம் கல்யாணம்.

அதிலிருந்து பதினொரு வருஷமாக அவர் உள்ளறையில், நான் கூடத்தில், நடுவில் கதவு சாத்தியிருக்கும். இருவரும் முடித்த பிறகுதான் இரண்டு எண்களையும் எடுத்துப் பார்ப்போம். ஒரு முறைகூட அவை ஒத்துப்போனதில்லை. அந்த வித்தியாசத்தை வைத்து வாரக்கணக்கில் சண்டை போடுவோம். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் சத்தம். உள்ளறைக் கதவில் அவர் சுண்ணாம்பால் எழுதிவைத்திருக்கிறார்: "ஒருவர் சொன்னால் அது செய்தி. ஒருவரையொருவர் பார்க்காமல் இருவர் சொன்னால் அது உண்மை."

அவருடைய இன்னொரு கிறுக்கையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வானம் பார்க்கிறவர்களுக்கு உச்சிப்பொழுதில்தான் நாள் பிறக்குமாம். இவரும் அப்படியே. வியாழக்கிழமை காலையில் சந்தைக்குப் போகச் சொன்னால், "இன்னும் புதன்தான், மதியம் வரட்டும்" என்பார். காலை வேளையில் எனக்காகச் சோழி பரப்பிக் கொடுத்தால் கணக்கின் முதல் வரிசையான, இன்றுவரை கழிந்த நாள் எண்ணிக்கையில் ஒரு சோழி குறைவாக இருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் ஒன்றைச் சேர்ப்பேன்.

இந்தக் கிரகணத்தை அவர் அங்கிருந்தே நம் ஊர் வானத்துக்குக் கணித்து, முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். என் கணக்கு முடியும்வரை நான் பிரிக்கக்கூடாது. அப்படித்தான் பேச்சு.

தை 25

முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மொத்தம் ஒன்பது வரிசை. மத்தி மீன் மலிவாகக் கிடைத்தது.

தை 29

கப்பல் வந்துவிட்டது. அவர் வரவில்லை.

நாகூர் சேராங்கு செய்யது மீரான் வந்தார். அந்தக் கப்பலின் மாலுமிகளுக்கு அவர்தான் தலைவர். வாசலிலேயே நின்றார். நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மெழுகுத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். முத்திரை என் வீட்டுக்காரருடையது.

"தங்கச்சி, உங்க வூட்டுக்காரரு மவுத்தாப் போயிட்டாரும்மா. குளிர் காய்ச்சல். மார்கழிக் கடைசி புதன்கெழமை, வெடியக்கால. நானேதான் குழி வெட்டுனேன். இது அவரு தலமாட்டுல இருந்துச்சு."

அடுப்படியிலிருந்து ராகேல் அலறிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷனை இழந்தபின் எங்களோடு இருக்கிறாள். அவளைத் தாங்கிப் பிடித்தபடியே நான் சேராங்கிடம், "உங்களோடு வேறு யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டேன்.

"பாக்குற நெலமையில யாரும் இல்லம்மா. மிச்சப் பேரு அவருக்கு முந்தியே போயிட்டாங்க."

அவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

தை 30

ஒரே ஒரு சாட்சி. போதாது.

மாசி 3

பாதிரியார் ராகேலிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பெயரை ஆலயத்தில் வாசித்து, துக்க மணி அடித்துவிடலாமாம். வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். காய்ச்சல் தீவில் காய்ச்சலோடு கிடந்த சேராங்கு ஒருவர் மட்டும் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. தவறு செய்திருக்கலாம். நக்கவாரத்திலிருந்து இன்னொரு கப்பல் வரும், இன்னொருவர் சொல்லட்டும்.

"மூஞ்சியப் பாத்தா தெரியலையா அண்ணி? அந்த மனுசன் பொய்யா அழுதாரு?" என்றாள் ராகேல்.

அழுகையை நான் கணக்கில் எடுப்பதில்லை என்றேன். சொன்னபிறகுதான் அவளும் அழுதுகொண்டிருப்பதைக் கவனித்தேன்.

பொட்டலத்தை உப்புச் சாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கணக்கு ஐந்தாம் வரிசையில் நிற்கிறது. முடித்தால் பிரிக்க வேண்டும். பிரித்தால் அவர் எனக்கு எழுதியதில் நான் படிக்காதது என்று எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே இடுப்புவலி என்று சொல்லிக்கொண்டு சோழிகளைத் தொடாமல் இருக்கிறேன். வலி கொஞ்சம் உண்மைதான்.

மாசி 7

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன். எழுந்து வந்து பார்த்தால் ஆறாம் வரிசை போட்டிருக்கிறது.

ராகேலுக்குச் சோழிக் கணக்கு தெரியாது. கோழி கலைத்திருந்தால் கலைந்துதான் இருக்கும். இது கணக்கு. மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

மாசி 8

சோழிகளின் மேல் பெரிய முறத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினேன். ஓர் எறும்பு போனாலும் தடம் தெரியும். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, கொல்லையில் துவரம்பருப்பு காயவைக்கப் போனேன். கோட்டையில் உச்சிவேளை மணி அடித்தது. வெயில் தலையைப் பிளந்தது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

உள்ளே வந்தேன். சாம்பல் தூவியபடியே இருந்தது. முறத்தைத் தூக்கினேன். ஏழாம் வரிசை.

பயந்தேன் என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. ஆனால் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. உள்ளறைக் கதவைப் பார்த்து, "என் கணக்கை நான் போடுவேன். உங்க பக்கத்தைப் பாருங்க" என்று சத்தமாகவே சொன்னேன்.

மாசி 9

துவரம்பருப்பு சரியாகக் காயவில்லை. மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து, அச்சடிக்க வேண்டிய கிரகண நேரம் எப்போது கிடைக்கும் என்று கேட்டுப் போனான். இடுப்புவலி என்றேன்.

மாசி 13

ராகேல் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"அண்ணி, சொன்னா கோவிச்சிக்கக் கூடாது. நீங்கதான் நகத்துறீங்க."

"எதை?"

"சோழிய. அன்னைக்கி மத்தியானம் நீங்க படுத்திருந்தப்ப எந்திரிச்சுப் போயி உக்காந்தீங்க. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. நான் கூப்புட்டேன், திரும்பல. வாய் மட்டும் முணுமுணுன்னு எண்ணிக்கிட்டே இருந்துச்சு. நம்ம எண்ணு இல்ல. அண்ணன் உள்ள உக்காந்து எண்ணுவாருல்ல, தோ, த்ரேன்னு, அந்தப் பறங்கி எண்ணு."

எனக்கு டேனிஷ் எண்கள் தெரியாது என்றேன். "ஏழாம் வரிசை போட்டபோது நான் கொல்லையில் இருந்தேனே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்றும் கேட்டேன். அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளும் ஒரே சாட்சிதான்.

பறங்கி எண் தெரியாது என்பது முழு உண்மை இல்லை. பதினொரு வருஷம் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

மாசி 16

சோதனை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எட்டாம் வரிசையும் நேற்று வந்துவிட்டது. இன்று உள்ளறையைப் பூட்டிச் சாவியை ராகேல் மடியில் முடிந்தேன். என் வலது கையையும் அவள் இடது கையையும் சேர்த்துச் சேலைத் தலைப்பால் கட்டச் சொன்னேன். இருவரும் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தோம். நான் தூங்கினால் கிள்ளு என்று சொல்லியிருந்தேன். இரண்டு முறை காரணமில்லாமல் கிள்ளினாள்.

உச்சிவேளை மணி அடித்தது. அது ஓய்ந்ததும், பூட்டிய அறைக்குள் சத்தம் கேட்டது. கீறல். நிறுத்தம். மறுபடி கீறல்.

ராகேலும் தலையைத் திருப்பினாள். நான் முந்திச் சொன்னால் அவள் அதையே சொல்லிவிடுவாள். ஆகவே, "நீ முதலில் சொல், அது என்ன?" என்றேன்.

"எலி" என்றாள் மெல்ல. "தாளக் கொறிக்குது."

எனக்கு அது இறகுப் பேனா. ஒரு வரியின் முடிவில் அவர் பேனாவை அழுத்துவார். அந்த அழுத்தத்தைக் கேட்டேன்.

கட்டை அவிழ்க்காமலே போய்ப் பூட்டைத் திறந்தோம். மேசையில் தூசு ஒரே சீராகப் படிந்திருந்தது. மைக்கூடு அடிவரை உலர்ந்து வெடித்திருந்தது. எலிப்புழுக்கை ஒன்றுகூட இல்லை. இரண்டு சாட்சி, இரண்டு விடை. ஒன்றும் நிரூபணமாகவில்லை.

கூடத்தில் ஒன்பதாம் வரிசை முடிந்திருந்தது.

மாசி 17

ஒன்பது வரிசையையும் முதலிலிருந்து நானே பகலில், விழித்த கண்ணோடு, வாய்விட்டு வாக்கியம் சொல்லித் திரும்பப் போட்டேன். அதே எண். சூரிய உதயத்திலிருந்து பன்னிரண்டு நாழிகை, இருபத்தொரு விநாடியில் பிடிக்கிறது.

முடிந்துவிட்டது. இனிச் சாக்கு இல்லை. நாளை குளித்துவிட்டுப் பிரிப்பேன்.

மாசி 18

பிரித்தேன்.

ஒரு தாள்தான். அதில் அவர் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நடுவில் எண்: பன்னிரண்டு நாழிகை, இருபத்தொரு விநாடி.

பதினொரு வருஷத்தில் இதுவே முதல் முறை. ஒரு விநாடிகூட வித்தியாசமில்லை. சண்டைக்கு ஒன்றும் இல்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் போட்ட கணக்கா இது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் அடியில் இருந்ததைப் படித்தேன். "மார்கழிக் கடைசி புதன், மணி மூன்று. முடித்துவிட்டேன். சலோமி, நீ முடித்திருந்தால் மட்டும் படி."

அவருடைய மணி மூன்று என்றால் உச்சிப்பொழுதுக்குப் பிறகு மூன்று மணி. புதன் பிற்பகல். சேராங்கு சொன்னது புதன் விடியற்காலை. விடியற்காலை செத்தவர் பிற்பகலில் எழுத மாட்டார்.

இரண்டு சாட்சியும் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் மீரான் புதைத்தது யாரை? நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ராகேலைக் கூப்பிட்டு, "உன் அண்ணன் சாகவில்லை" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். நாளைக்கே நாகூருக்கு வண்டி பேசச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டேன்.

மாசி 20

நேற்று நாகூர் போய், இன்று திரும்பினோம். காரைக்கால் சுங்கச் சாவடியில் வண்டியை அரை நாள் நிறுத்திவைத்தார்கள். நாங்கள் சேரும்போது சேராங்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி எங்களுக்குப் பாய் விரித்தாள். நான் உட்காராமலே தாளை நீட்டினேன்.

"எழுத்து தெரியாதும்மா."

படித்துக் காட்டினேன். புதன், மணி மூன்று. "நீங்கள் சொன்னது புதன் விடியற்காலை. புதன்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வலையைக் கீழே வைத்தார்.

"எனக்கு எங்கேம்மா தெரியும்? காய்ச்சல்ல நாளு கெழமையெல்லாம் போச்சு. அவருதான் கணக்கு வச்சிருந்தாரு. ஒவ்வொரு நாளும் அவருகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவோம். அன்னைக்கி வெடியக்கால தண்ணி குடுத்தேன். கண்ணு சொருகிடுச்சு. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா உசுரு நிக்கும்னு, 'இன்னைக்கி வியாழன்தானே பிள்ளைவாள்'னு சும்மா கேட்டேன். சிரிச்சாரும்மா. அந்த நேரத்துலயும் சிரிச்சாரு. 'இன்னும் புதன்தான்'னாரு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல."

தாளை மறுபடி பார்த்தேன்: புதன், மணி மூன்று. ராகேல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா தங்கச்சி?"

"இல்லை. சரியாகத்தான் சொன்னீர்கள்."

அவருக்குப் புதன். நமக்கெல்லாம் வியாழன். புதன் பிற்பகல் மூன்று மணிக்கு எழுதி முடித்தார். வியாழன் விடியற்காலை போனார். உச்சிப்பொழுது வராததால் அவருக்கு இன்னும் புதன். சேராங்குக்குத் தாள் தெரியாது, தாளுக்குச் சேராங்கு தெரியாது. இரண்டு சாட்சியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒத்துப்போயின.

என் புருஷன் இறந்துவிட்டார்.

மாசி 21

அழுதேன். இன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை.

மாசி 25

அச்சுக்கூடத்துக்கு எண்ணைக் கொடுத்தேன். கணித்தவர் பெயர் கேட்டார்கள். இரண்டு பெயரும் சொன்னேன். பாதிரியாரிடம் போய் மணி அடிக்கச் சம்மதம் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: கிரகணத்தன்று, சரியாக உச்சிப்பொழுதில் அடிக்க வேண்டும். ஏன் என்று கேட்டார். அதற்கு முன் அடித்தால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். நல்ல மனிதர், மேற்கொண்டு கேட்கவில்லை.

சோழிகளைக் கழுவித் துடைத்துப் பையில் கட்டினேன். தாளைப் பிரித்த நாளிலிருந்து மதியங்களில் ஒரு சத்தமும் இல்லை.

பங்குனி 11

ராகேல் இன்று பங்குனி 12 என்கிறாள். மதியம் வரட்டும்.

காலையில் கூடத்தைப் பெருக்கினோம். தரை வெறுமையாக இருந்தது. சோழிப் பையை உப்புச் சாடியின் பக்கத்தில் வைத்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இருவரும் கொல்லைக்கு வந்துவிட்டோம். எனக்கு மஞ்சள் தண்ணீர் நிரப்பிய அண்டா, அதில் சூரியன் தெரியும். ராகேல் கையில் அவருடைய புகைபிடித்த கண்ணாடித் துண்டு. அடியில் துளையிட்ட நாழிகை வட்டிலும் சின்ன விநாடி வட்டிலும் தண்ணீரில் மூழ்குவதை எண்ண இருவருக்கும் தனித்தனி புளியங்கொட்டைக் குவியல். நீ பார்ப்பதை எனக்குச் சொல்லாதே, கொட்டையை மட்டும் வை என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் குறிப்பேடும் மடியில் இருக்கிறது.

பிடித்துவிட்டது. மேற்கு ஓரத்தில் ஒரு கடி. பன்னிரண்டு நாழிகை, முப்பத்தாறு விநாடி. ராகேலின் குவியலும் அதையே சொல்கிறது.

எங்கள் எண் பதினைந்து விநாடி, அதாவது கால் நாழிகை முந்திவிட்டது. முதல் கிரகணத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்று தோற்றோம். இன்று இருவரும் ஒரே இடத்தில் நின்று தோற்றிருக்கிறோம். சிரிப்பு வந்தது. ராகேல் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

வெளிச்சம் பழுப்பாகிறது. கோழிகள் கூண்டுக்குப் போகின்றன. எழுத்து சரியாகத் தெரியவில்லை.

பங்குனி 12

ஆலய மணி அடித்தது. அதன் பிறகுதான் இந்தத் தேதியைப் போட்டேன்.

சூரியன் முழுதாக விடுபடும்வரை கொல்லையிலேயே இருந்தோம். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போனோம்.

கூடத்துத் தரையில் சோழிகள் பரப்பியிருந்தன. ஒரே ஒரு வரிசை. நாள் எண்ணிக்கை. அடுத்த கிரகணத்துக்கான தொடக்கம்.

பை உப்புச் சாடியின் பக்கத்தில் அவிழ்ந்து கிடந்தது. நான் எதுவும் சொல்லுமுன் ராகேலைக் கேட்டேன்: காலையில் தரை எப்படி இருந்தது, நான் உன்னை விட்டு எங்காவது போனேனா? தரை வெறுமையாக இருந்தது, நீங்கள் கண்ணைவிட்டு நகரவில்லை என்றாள். எனக்கும் அப்படியே நினைவு. இரண்டு சாட்சி.

உட்கார்ந்து வரிசையைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. ஒரு சோழி மட்டும் குறைந்திருந்தது. காலையில் போட்டிருக்கிறார்.

மதியம் தாண்டிவிட்டது. பையிலிருந்து ஒன்றை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், சேர்த்து வைத்தேன்.